மன்றமும் பொதியிலும்: கல்வி வளாகப் பொதுவிடக் கலை பற்றிய ஓர் இலக்கிய வரலாற்று நோக்கு

தோற்றுவாய்

கலைப்பொருள் ஒன்றை ஓரிடத்திற் கொண்டுவந்து வைத்தல் வேறு. ஓரிடத்தையே கலைப்பொருளாக அமைத்தல் வேறு. பின்னையதனை இக்காலத்தார் நிறுவுகலை என வழங்குவர். அதன்கண் காண்போன் புறத்தே நின்று நோக்குவதோடு அமையான், உள்ளே புகுவான், சுற்றி வருவான், தொடுவான், உடன் நிற்பாரோடு உரையாடுவான். அவன் செயலும் சேர்ந்தே அக்கலை நிறைவெய்தும். மேனாட்டில் இவ்வகை 1960களிலும் 1970களிலும் தனிப்பெயர் பெற்று வளர்ந்தது. அதனால் இதனை முற்றிலும் புதியதெனவும், நம் மரபுக்கு அயலானதெனவும் கருதுவார் உளர்.

இன்று கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் தம் வளாகத்துப் பொதுவிடங்களில் இத்தகைய கலையை அமைக்க விழைகின்றன. சென்னையின் மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளிற் கல்வி நிலையங்கள் பல பெருகியுள்ளன. கோவில்பதாகையும் அப்பகுதியைச் சார்ந்ததே. இவ்வூரில் இருந்து எழுதும் நமக்கு ஒரு வினா எழுகின்றது: பொதுவிடத்துக் கலை எப்பொழுது உண்மையில் பொதுவாகின்றது? இவ்வினாவிற்கு விடை காணத் தமிழிலக்கியம் பெரிதும் துணைபுரிகின்றது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

பூம்புகாரின் ஐவகை மன்றம்

சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதை, புகார் நகரில் ஐந்து மன்றங்கள் இருந்தன எனக் கூறும். வெள்ளிடை மன்றம், இலஞ்சி மன்றம், நெடுங்கல் மன்றம், பூதச் சதுக்கம், பாவை மன்றம் என்பன அவை. இவை உண்மையில் இருந்தனவா, புலவர் படைப்பா என்னும் ஆராய்ச்சி ஈண்டு வேண்டுவதன்று. பொதுவிடம் எவ்வாறு இருத்தல் வேண்டுமென அக்காலத்தார் எண்ணினர் என்பதற்கு இவை சான்றாதலே நமக்குப் போதும்.

ஐந்தனுள்ளும் ஒரு பொதுமை உண்டு. ஒவ்வொரு மன்றமும் அங்கு வருவானை ஒரு செயலுக்கு உட்படுத்துகின்றது. வெள்ளிடை மன்றத்திற் காவலின்றிக் கிடக்கும் பொதியைக் கவர முயல்வான், அதனைத் தலையிற் சுமந்து சுற்றி வருந்துகின்றான். இலஞ்சி மன்றத்தில் நோயுற்றோர் பொய்கையில் நீராடி வலம் வருகின்றனர். நெடுங்கல் மன்றத்தில் நஞ்சுண்டாரும் பித்துற்றாரும் ஒளிவிடும் கல்லைச் சுற்றி வந்து துயர் நீங்குகின்றனர். பூதச் சதுக்கத்துக் குரல், பொய்ச்சான்று கூறுவாரும் புறங்கூறுவாரும் கேட்டு அஞ்ச, நெடுந்தொலைவு செல்கின்றது. சுமத்தல், ஆடுதல், சுற்றுதல், கேட்டல் என உடலின் செயல்களே ஈண்டு முதன்மை பெறுகின்றன.

பாவை மன்றம் இவற்றினும் வேறுபட்டது. அரசன் முறை தவறினும், அறங்கூறவையம் ஒருபாற் கோடினும், ஆண்டுள்ள பாவை வாய்திறந்து பேசாது; கண்ணீர் உகுக்கும். காண்பார் அதன் பொருளைத் தாமே உணர்தல் வேண்டும். ஆள்வோரின் புகழைப் பொறித்து நிற்பதற்கு மாறாக, ஆள்வோரின் பிழையைக் காட்டி அழும் சிலையொன்றை நகர் நடுவே வைத்து எண்ணியது அக்காப்பியம். பொதுவிடக் கலை எவர்பால் நிற்றல் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான விடை வேண்டுவதின்று.

வினவுவாரும் விடையிறுப்பாரும்

பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல் நப்பண்ணனார் இயற்றியது. திருப்பரங்குன்றத்திற்கு வந்த மக்கள் ஆண்டுள்ள ஓவியங்களைக் கண்ட வகையை அது விரித்துரைக்கின்றது. இரதி, காமன் ஆகியோரின் உருவங்களைச் சுட்டி, இவர் யாரென மகளிர் வினவ, உடன் வந்தார் விடையிறுக்கின்றனர். அகலிகை, பூனை வடிவுகொண்ட இந்திரன், சினந்த கவுதமன், கல்லாகிய உருவம் எனக் கதையை ஒருவர்க்கொருவர் எடுத்துரைக்கின்றனர். ஓவியத்தின் வண்ணச் சிறப்பையோ வரைந்தான் பெயரையோ புலவர் பெரிதாகக் கூறவில்லை. கண்டார் பேசிய பேச்சையே கூறுகின்றார். ஓவியம் மக்களிடையே உரையாடலை எழுப்பிற்று என்பதே அவர் கண்ட சிறப்பு.

மணிமேகலையில் வரும் உவவனத்துப் பளிக்கறை மண்டபமும் கருதற்பாலது. அதனுள் இருப்பாரின் உருவம் புறத்தே தோன்றும், குரல் வெளிப்படாது. காண்டலையும் கேட்டலையும் பிரித்து, அப்பிரிவையே அனுபவமாக்கும் ஓர் அமைப்பு இது. உதயகுமரன் அதன் வாயில் அறியாது புறத்தே நின்று மயங்குவதைக் காப்பியம் சிறப்புறக் காட்டுகின்றது. நிறுவுகலை என்னும் பெயர் புதிது. அதன் எண்ணம் நமக்குப் புதிதன்று.

ஒரே புலவர் கண்ட இரு பொதியில்கள்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் ஒரு பொதியிலைக் காட்டுகின்றார். நிலம் மெழுகப்பட்டு மலர் தூவப்பட்டுள்ளது; மகளிர் அந்தியில் விளக்கேற்றுகின்றனர்; கந்து நடப்பட்டுள்ளது; பலர் தொழுகின்றனர்; வெளியூரினின்று வரும் புதியோரும் ஆண்டுத் தங்குகின்றனர். அகநானூற்றின் 167ஆம் பாடலில் அப்புலவரே மற்றொரு பொதியிலைக் காட்டுகின்றார். மக்கள் நீங்கிய ஊர் அது. செங்கற்சுவரின் மேலிருந்த விட்டம் வீழ்ந்தது. சுவரில் எழுதப்பட்டிருந்த கடவுள் அகன்றது. திண்ணை மெழுகுவாரின்றிக் கிடக்கின்றது. கூரையைச் சிதல் அரித்தது.

இவ்விரண்டையும் ஒப்பிட்டு நோக்கின் ஓர் உண்மை புலனாகும். முன்னைய பொதியிலில் மெழுகுவாரும் விளக்கேற்றுவாரும் உளர், பின்னையதில் இலர். பொதுவிடக் கலையின் வாழ்வு அதனைப் படைத்தான் கையில் மட்டும் இல்லை. நாள்தோறும் அதனைப் பேணுவார் கையிலும் உள்ளது. அவ்விளக்கை ஏற்றியவர்கள் சிறைப்பிடித்துக் கொணரப்பட்ட மகளிர் என்பதையும் மறைத்தல் ஆகாது. பொதுவிடத்தைத் தூய்மை செய்யும் கைகள் எவருடையவை என்னும் வினா அன்றே தொடங்கிவிட்டது.

தொண்டை நாட்டுச் சான்று

கோவில்பதாகைக்கு அண்மையில் உள்ள திருமுல்லைவாயில் மாசிலாமணி ஈசுவரர் கோயில், சுந்தரரால் பாடப்பெற்ற தலம். ஆண்டுக் கருவறை முன் வெள்ளெருக்கந் தூண்கள் இரண்டு உள்ளன. நந்தியோ இறைவனை நோக்காது வாயிலை நோக்கி அமைந்துள்ளது. புதிதாக வருவார் எவரும் இதனைக் கண்டு வியந்து, ஏன் இவ்வாறு எனக் கேட்பர். தொண்டைமானுக்குத் துணையாகப் போருக்குப் புறப்பட நந்தி திரும்பிற்று என்றும், குறும்பரை வென்று கொணர்ந்த தூண்களே இவை என்றும் அருகில் நிற்பார் கதை கூறுவர். வழக்கத்தினின்று ஒன்றைத் திருப்பி வைத்தமையால் ஒரு வினா பிறந்தது. அவ்வினாவால் ஒரு நாட்டின் கதை தலைமுறைதோறும் வாய்மொழியாய் வாழ்கின்றது. அறிவிப்புப் பலகை செய்ய இயலாத பணி இது.

சாந்திநிகேதனத்து வளாகம்

இந்திய நாட்டில் ஒரு கல்வி வளாகம் முழுவதையும் கலையிடமாக அமைத்த முயற்சிக்குத் தலையாய சான்று வங்காளத்துச் சாந்திநிகேதனம். ஆண்டுக் கலாபவனம் 1919இலும் விசுவபாரதி 1921இலும் தோன்றின. நந்தலால் போசு தலைமையில் 1930களில் மாணவரும் ஆசிரியரும் கூடி மண்சுவரால் ஒரு விடுதி எழுப்பி, சுவரெங்கும் புடைப்புருவங்கள் அமைத்து, மழையினின்று காக்கத் தார் பூசினர். கருவீடு என்னும் பொருள்பட அஃது அழைக்கப்படுகின்றது. மாணவர் தாம் வாழும் வீட்டையே கலையாக்கினர் என்பது கருதத்தக்கது.

இராம்கிங்கர் பைஜ் 1938இல் அமைத்த ‘சாந்தாலக் குடும்பம்’ இந்தியப் பொதுவிடச் சிற்ப வரலாற்றில் ஒரு திருப்பம். சிமெந்தும் செம்புரைக்கல் துகளும் கலந்து திறந்த வெளியில் ஆக்கப்பட்டது அது. உழைப்பு நாடிச் செல்லும் பழங்குடிக் குடும்பமொன்று, குழந்தையும் நாயும் உடன்வர, தன் உடைமையைச் சுமந்து நடக்கின்றது. உயர்ந்த பீடம் இல்லை. காண்போன் நடக்கும் மண்ணிலேயே அவர்களும் நடப்பதுபோல் தோன்றும். 1956இல் அவர் படைத்த ‘ஆலை அழைப்பு’ என்னும் சிற்பத்தில் ஆலைச் சங்கொலி கேட்டுப் பெண்கள் விரைந்து ஓடுகின்றனர். பல்கலைக்கழகத்தின் நடுவே நிறுவப்பெற்றவர் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களின் உழைப்பாளரே என்பது ஈண்டு நினைவிற் கொள்ளற்பாலது.

அவ்வளாகத்து இந்தி பவனத்தில் பினோத் பிகாரி முகர்ஜி 1946-47இல் மூன்று சுவர்களின் மேற்பகுதியில் இடைக்கால அடியார்களின் வாழ்வை ஓவியமாக்கினார். கபீர், சூர்தாசர், துளசிதாசர் ஆகியோரோடு இராமானுசரும் அதில் இடம்பெறுகின்றார். திருப்பெரும்புதூரில் தோன்றி, பூவிருந்தவல்லித் திருக்கச்சி நம்பிகளைப் போற்றிய அப்பெரியார் வங்காளத்துச் சுவரில் நிற்பது நமக்கு நெருங்கிய செய்தியாகும். அவ்வோவியப் பணியில் துணைநின்ற மாணவருள் கே. ஜி. சுப்பிரமணியன் ஒருவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் பயின்று, விடுதலைப் போரிற் சிறை சென்று, 1944இல் கலாபவனம் புகுந்தவர் அவர். பின்னாளில் அவ்வளாகத்துக் கட்டடச் சுவர்களைக் கருப்பு வெள்ளை ஓவியங்களால் நிரப்பினார். பார்வைக் குறையோடு பிறந்து, பின்னர் முற்றும் பார்வையிழந்த முகர்ஜி, அதன்பின்னும் கலாபவனத்துச் சுவரொன்றில் ஓட்டுச்சில்லுகளால் உருவங்கள் அமைத்தார். தொடுதலும் காண்டலே என்பதற்கு அவர் வாழ்வே உரை.

2023இல் சாந்திநிகேதனம் யுனெசுகோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. ஆயின் 2020இல் அங்குப் பௌசமேளாத் திடலைச் சுற்றி மதில் எழுப்ப முற்பட்டபோது பெரும் எதிர்ப்பும் கலகமும் எழுந்தன. பொதுவெளியின் வாயிலை அடைப்பதா திறப்பதா என்னும் வழக்கு அப்புகழ்மிக்க வளாகத்தையும் விட்டுவைக்கவில்லை.

பிறநாட்டு, உள்நாட்டு ஒப்புமை

அமெரிக்க நாட்டு ஏல் பல்கலைக்கழக நூலகத்தின் முன், முன்னாள் மாணவியாகிய மாயா லின் 1993இல் ஒரு கல்மேசையை அமைத்தார். ஏல் 1701இல் நிறுவப்பட்டது. ஆண்டுதோறும் ஆண்டுப் பயின்ற மகளிரின் எண்ணிக்கை அம்மேசைமீது சுருள் வடிவிற் செதுக்கப்பட்டுள்ளது. தொடக்கத்தில் சுழியங்கள் நீண்டு தொடர்கின்றன. பின்னர் எண்கள் வளர்கின்றன. நீர் அவற்றின்மேல் மெல்லப் பரவி ஓடுகின்றது. மாணவர் விரலால் சுழியங்களைத் தொட்டுச் செல்வர். பழிச்சொல் ஒன்றும் அதிற் பொறிக்கப்படவில்லை. பாவை மன்றத்துப் பாவை பேசாது நீர் உகுத்தமை நினைவிற்கு வருகின்றது.

நம் சென்னையில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அமைத்து 1959இல் கடற்கரையில் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை மற்றொரு சான்று. நால்வர் ஒரு பாறையைப் பெயர்க்க முயலும் காட்சி அது. சென்னைக் கலைப்பள்ளியின் தலைவராய் 1929 முதல் 1957 வரை பணியாற்றியவர் அவர். அச்சிலையின் பெயர் இன்று ஒரு பேருந்து நிறுத்தத்தின் பெயராய் மக்கள் நாவில் வழங்குகின்றது. பெயரறியாத நால்வர் தம் உழைப்பால் ஓரிடத்திற்குப் பெயரளித்தனர்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் வளாகக் கலைக்கு நான்கு அளவைகள் பெறப்படும். முதலாவது, அது வருவானுக்கு ஒரு செயலை அளித்தல் வேண்டும். இரண்டாவது, அருகில் நிற்பான்பால் ஒரு வினாவை எழுப்பச் செய்தல் வேண்டும். மூன்றாவது, அதிகாரமுடையாரின் புகழைப் பாடுவதை விடுத்து, வளாகத்தில் இடம்பெறாதாரை நினைவூட்டல் வேண்டும். நான்காவது, அதனைப் பேணுவார் எவர் என்பது முன்னரே வகுக்கப்பட்டு, அப்பணி மதிப்புடையதாக அமைதல் வேண்டும். வாயிலிலே வளைவும், நடுவே நீரூற்றும், நிறுவனரின் மார்பளவுச் சிலையும் வைத்தலோடு அமைவன இவற்றுள் ஒன்றனையும் நிறைவு செய்யா.

எடுத்துக்காட்டாக ஒன்று கூறலாம். இம்மேற்குப் பகுதி ஏரிகளால் வாழ்ந்த நிலம். 2015 திசம்பர் வெள்ளத்தில் சென்னையும் அதன் புறநகரும் பட்ட துயரை அறியாதார் இலர். இப்பகுதிக் கல்லூரி ஒன்று தன் முற்றத்திற் படிகளையுடைய ஆழமற்ற குளமொன்றை அமைத்து, படிதோறும் அவ்வட்டாரத்து ஏரியொன்றன் பெயரைப் பொறிக்கலாம். மழைநீர் ஏற ஏறப் பெயர்கள் ஒவ்வொன்றாய் நீருள் மறையும்; வற்ற வற்ற மீளத் தோன்றும். படியிலிறங்கி நிற்கும் மாணவன் தன் ஊர்ப்பெயரைத் தேடுவான். அவ்வேரி இப்பொழுது எங்குள்ளது என அருகிலிருப்பானைக் கேட்பான். விடை கூற அவ்வூர் முதியோர் உள்ளே வரும்படி வாயில் திறந்திருத்தல் வேண்டும். புதியோரும் வந்து தங்கியதனாலன்றோ அதற்குப் பொதியில் எனப் பெயர் பொருந்திற்று.