4436 3491 23947 15169: ஒரு வழித்தடத்தின் மறுவாசிப்பு

2012 நவம்பரில் இணையத்தின் சில பகுதிகளில் கூகுள் தளங்கள் எட்டாமற்போயின. அதைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கிளவுட்ஃபிளேர் நிறுவனப் பொறியாளர் டாம் பசேகா அன்று எழுதிய குறிப்பையே ஆதாரமாகக் கொள்கிறார்கள். இந்தோனேசியாவின் மோராடெல் நிறுவனத்தில் யாரோ கைதவறி ஒரு வழியைப் பிழையாகத் தட்டியிருக்கக்கூடும். அந்நிறுவனத்துக்கு உலக இணைப்புத் தரும் பிசிசிடபிள்யூ அதை நம்பி ஏற்றது. பிழையான வழி பரவியது. இதுவே அவரது வாசிப்பு. இதில் சதி ஏதுமில்லை என்று அவர் சொன்னதை ஏற்கிறேன். கைதவறல் என்ற விளக்கத்தை ஏற்க இயலவில்லை. அதற்கு எதிரான சான்று அவர் குறிப்பிலேயே இருக்கிறது.

216.239.34.10 என்ற கூகுள் முகவரிக்கு எவ்வழியே செல்வது என்று ரவுட்டரைக் கேட்டபோது அவருக்குக் கிடைத்த தடம் இது: 4436 3491 23947 15169. வலையமைப்புகள் தம்முள் வழிகளை அறிவித்துக்கொள்ளும் பிஜிபி நெறியில் ஒவ்வோர் எண்ணும் ஒரு வலையமைப்பைக் குறிக்கும். வழி பரவிய வரிசையை அறிய வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். 15169 கூகுள், 23947 மோராடெல், 3491 பிசிசிடபிள்யூ, 4436 அமெரிக்காவின் என்லேயர். கலிஃபோர்னியாவிலிருந்து அதே மாநிலத்து நிறுவனத்தைத் தேடிய கோரிக்கை இந்தோனேசிய வலையமைப்புக்குள் போய் விழுந்திருக்கிறது.

கடைசி எண் 15169 என்பதைக் கவனிக்க வேண்டும். முகவரித் தொகுதியை ஒருவர் தவறாகத் தட்டியிருந்தால் தடம் 23947-இல் முடிந்திருக்கும். 2008 பிப்ரவரி 24 அன்று தடம் அப்படித்தான், அறிவித்தவரின் எண்ணிலேயே முடிந்தது. யூடியூபை உள்நாட்டில் முடக்க பாகிஸ்தான் டெலிகாம் 208.65.153.0/24 என்ற தொகுதியைத் தனதென்று அறிவித்தது. அப்போதைய தடம் 3491 17557; யூடியூபின் சொந்த எண்ணான 36561 அதில் இல்லை. 2012 தடத்திலோ மூலம் சிதையவில்லை. கூகுளிடமிருந்து நேரடி இணைப்பில் முறையாகப் பெற்ற வழியை, தன் எல்லைக்குள் வைத்துக்கொள்ளாமல் மோராடெல் மேலே அனுப்பிவிட்டது. நடந்தது வழிக்கசிவு. வடிகட்டும் கட்டளை ஒன்று விடுபட்டதற்கும் ஒரு மனிதக் கை காரணமாக இருந்திருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கை மட்டும் உலகத் தடத்தை மாற்றிவிடாது. அடுத்த வாசலும் திறந்திருக்க வேண்டும். 2008, 2012 இரண்டு தடங்களிலும் அந்த வாசல் ஒன்றே: 3491. பசேகா இதை ஒரே வரியில் கடந்துவிடுகிறார். எனக்கு அதுவே மையம்.

பிசிசிடபிள்யூ ஏன் அந்த வழியைத் தேர்ந்தது? காரணம் வணிகம். காசு கொடுக்கும் வாடிக்கையாளர் தரும் வழிக்கே பெரிய வலையமைப்புகள் பொதுவாக முதலிடம் தருகின்றன. தடத்தின் நீளம் அதற்குப் பின்னரே பார்க்கப்படும். மோராடெல் வாடிக்கையாளர். எனவே குறுகிய வழி வேறு இருந்திருந்தாலும் இந்த வழியே வென்றிருக்கும்.

காலக்கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. தடை ஏறத்தாழ 27 நிமிடம் என்பது வழக்கமான கூற்று. பசேகா தரும் தொடக்கம், உலகப் பொது நேரம் 02:24, கிளவுட்ஃபிளேர் ஊழியர்கள் தடையைக் கவனித்த நேரம். கசிவு அதற்கு முன்பே தொடங்கியிருக்கலாம். அப்போது கலிஃபோர்னியாவில் நவம்பர் 5 மாலை; சிங்கப்பூரில் 6-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை 10:24, தீபாவளிக்குச் சரியாக ஒரு வாரம். அந்நேரம் சிராங்கூன் சாலைக் கடைகளில் எத்தனை திரைகள் வெறுமையாக நின்றன என்பதை இந்த ஒற்றைத் தடத்திலிருந்து கணிப்பது முறையாகாது.

2015 மார்ச் 12 அன்று நடந்த இன்னொரு கூகுள் வழிக்கசிவில் சிங்கப்பூரின் பெயரே வருகிறது. டைன் நிறுவனத்தின் டக் மடோரி வெளியிட்ட அலசலின்படி, இந்தியாவின் ஹாத்வே (17488) தான் பெற்ற கூகுள் வழிகளை ஏர்டெலுக்கு (9498) அனுப்பியது. ஏர்டெல் உலகுக்கு அறிவித்தது. ஏற்றவர்களில் சிங்டெலும் (7473) ஒன்று. அப்போது சிங்கப்பூர் நேரம் மாலை 4:58. இங்கும் தடம் 9498 17488 15169 என்றே முடிந்தது. எண்கள் வேறு, அமைப்பு அதேதான். ஈராண்டு இடைவெளியில், இரு நாடுகளில், ஒரே விதத்தில் கைதவறும் என்று நம்புவது கடினம். இங்கே நான் இரண்டே தடங்களை வைத்து வாதிடுகிறேன் என்பது உண்மை. ஆயினும் இவ்விரண்டும் ஒரு கட்டமைப்புக் குறையையே காட்டுகின்றன. சிங்கப்பூர் இதில் பாதிக்கப்பட்ட ஊர் மட்டுமன்று, கசிந்த வழி ஏற்கப்பட்ட இடமும்கூட. சென்னையிலிருந்து ஐ2ஐ போன்ற கடலடி வடங்கள் வந்து சேரும் நகரில் ஒரு வழியை ஏற்பதும் மறுப்பதும் தமிழ்நாட்டுப் பயனரையும் தொடும்.

2016 ஜூனில் வெளிவந்த ஆர்எஃப்சி 7908 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் வழிக்கசிவுகளை வகைப்படுத்தியபோது மோராடெல், ஹாத்வே நிகழ்வுகள் இரண்டையும் நான்காம் வகையில் ஒன்றாக வைத்தது. சமநிலை இணைப்பில் பெற்ற வழியை மேல்நிலைச் சேவையாளருக்குக் கசியவிடுவதே அவ்வகை. பசேகாவின் குறிப்பை மேற்கோள் காட்டுவோர் இந்த ஆவணத்தையும் உடன் வைத்துப் படிக்க வேண்டும்.

மூலம் சிதைவதற்கும் வழி கசிவதற்கும் உள்ள இந்த வேறுபாட்டால் விளையும் பயன் பெரிது. தடத்தின் கடைசி எண் உண்மையானதா என்று சரிபார்க்கும் ஆர்பிகேஐ முறை 2008 நிகழ்வைத் தடுத்திருக்கும். 2012-ஐயும் 2015-ஐயும் தடுத்திருக்காது. அங்கே கடைசி எண் கூகுளுடையதே. அவற்றுக்கு இணைப்பின் உறவைக் குறித்து அனுப்பும் முறை தேவைப்பட்டது. அது ஆர்எஃப்சி 9234 ஆக வந்தது 2022 மே மாதத்தில்தான். மோராடெல் நிகழ்வைத் தட்டச்சுப் பிழை என்று எழுதும் வழக்கத்தை இனியேனும் கைவிட வேண்டும்.