இலைக்கு ஒரு காற்று, ஆளுக்கு ஒரு காற்று

கீழ் கோத்தகிரிக் குளிரில் ஏசி பற்றிப் பேசினால் சிரிப்பார்கள். ஆனால் நீலகிரியின் பழைய டீ ஃபேக்டரிகளைக் காற்றைக் கணக்குப் போட்டுத்தான் கட்டினார்கள். மேல்மாடிகள் இலை வாட்டுவதற்கு. அதற்குத்தான் வரிசையாக அத்தனை ஜன்னல்கள். பச்சை இலையில் முக்கால் பங்கு தண்ணீர். மழைக்காலத்தில் வெளிக்காற்றே ஈரம் என்பதால் ட்ரையரின் சூட்டை மேலே ஏற்றி வாட்டினார்கள். நொதிக்கும் அறைக்கோ நேரெதிர்: குளிர்ச்சியும் வேண்டும், ஈரமும் வேண்டும். ஒரே கட்டிடத்துக்குள் இரண்டு காற்று.

1902-ல் வில்லிஸ் கேரியர் புரூக்ளின் அச்சகம் ஒன்றுக்கு வடிவமைத்த முதல் நவீன ஏசியும் ஆட்களுக்காக இல்லை. ஈரத்தில் காகிதம் விரிந்து சுருங்கியதால் வண்ணங்கள் இடம் மாறிப் பதிந்தன, அதைத் தடுக்கத்தான்.

இன்று ஆபீஸ் கட்டுகிறவர்களின் முதல் கேள்வி, "எத்தனை டன்?" ஒரு டன் என்பது 24 மணி நேரத்தில் ஒரு டன் ஐஸ் உருக எடுத்துக்கொள்ளும் வெப்பம். பனிக்கட்டிக் காலத்து அளவு அது; அந்த ஒற்றை எண்ணில் ஈரம் தனியாகத் தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று பெரிய மெஷினாக வாங்கினால், அறை சட்டென்று குளிர்ந்து மெஷின் நின்றுவிடும். ஈரம் அப்படியே தங்கும். உடனே இன்னும் இரண்டு டிகிரி குறைக்கிறோம். சென்னை மே மாதத்தில் ஸ்வெட்டர் போட்டு கோட் அடிக்கிற எங்கள் கூட்டம் இப்படித்தான் உருவானது.

இலைக்கும் காகிதத்துக்கும் எந்தக் காற்று வேண்டும் என்று முதலில் கேட்டார்கள். ஆளுக்கும் அதைக் கேட்ட பிறகு டன்னைப் பற்றிப் பேசலாம்.