பெரிய சக்கரம், சின்ன சக்கரம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் மனைவியின் தம்பி மகன் வீட்டுக்கு வந்தான். வாசலில் அவனுடைய பிக்கப் வண்டி நின்றது. கொல்லிமலையில் பலாப்பழமும் வாழைத்தாரும் ஏற்றி, காரவள்ளி வழியாகச் சேந்தமங்கலம் இறங்கி, நாமக்கல்லுக்கும் சேலத்துக்கும் கொண்டுபோகிற வண்டி. காப்பி குடித்து முடித்ததும் விஷயத்துக்கு வந்தான்.

"மாமா, வண்டிக்குப் பெரிய டயர் போடோணுங்க. முன்னாடி ரெண்டு இஞ்சு தூக்கி மட்டம் பண்ணோணும். ஒரு நாப்பதாயிரம் கொறையுதுங்க."

செல்போனில் படம் காட்டினான். அமெரிக்காவில் இதற்கு 'லெவலிங் கிட்' என்று பெயராம். பிக்கப் வண்டி சுமை இல்லாமல் நிற்கும்போது பின்பக்கம் தூக்கலாகவும் முன்பக்கம் தாழ்ந்தும் இருக்கும். முன் ஸ்பிரிங்குக்கு மேல் ஒரு கட்டை கொடுத்து முன்பக்கத்தையும் தூக்கிவிட்டால் வண்டி மட்டமாக நிற்கும். பெரிய டயர் நுழையவும் இடம் கிடைக்கும். பார்ப்பதற்குக் கம்பீரமாகத்தான் இருந்தது.

"ரெண்டு வாரம் பொறு, யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். பணம் இல்லாமல் இல்லை. எனக்கு 1979-ஆம் வருடம் நினைவுக்கு வந்துவிட்டது. அதைச் சொல்ல வேண்டுமானால் மரச் சக்கரத்தில் இருந்து தொடங்க வேண்டும்.

என் வயதுள்ளவர்கள் எல்லாரும் கட்டை வண்டியைப் பார்த்திருப்பீர்கள். அதன் சக்கரம் கிட்டத்தட்ட ஐந்தடி உயரம். நடுவில் குடம், குடத்தில் இருந்து கிளம்பும் ஆரக்கால்கள், ஆரக்கால்களைச் சுற்றி வளைத்துச் சேர்த்த வட்டைகள், அதற்கு மேலே இரும்புப் பட்டா. பட்டா போடுவது ஒரு திருவிழா மாதிரி. இரும்பு வளையத்தை வறட்டி அடுக்கிப் பழுக்கக் காய்ச்சுவார்கள். இரும்பு சூட்டில் விரியும். விரிந்த வளையத்தை இடுக்கியால் தூக்கி மரச் சக்கரத்தில் மாட்டி, சம்மட்டியால் அடித்து இறக்கி, உடனே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கி, ஆணி இல்லாமலே சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

சக்கரம் ஏன் அவ்வளவு உயரம்? அழகுக்காக இல்லை. அந்தக் காலப் பாதைகளில் வண்டித் தடம் பள்ளமாக விழுந்திருக்கும். மழைக்காலத்தில் சேறு. குறுகிய இரும்புப் பட்டா அதில் அழுந்தும். சக்கரம் உயரமாக இருந்தால்தான் அச்சு தரையைத் தட்டாது. உயரமான சக்கரம் குழியில் முழுக்க இறங்காமல் மேலோடு உருண்டு போகும். இன்றைக்கு என் மைத்துனன் மகன் சொல்கிற காரணமும் இதேதான்: "மலையில தோட்டத்துக்குப் போற தடம் மோசமுங்க மாமா, அடி தட்டுது." ஆக, பெரிய சக்கரம் புதுசு இல்லை. நடுவில் சக்கரத்தைச் சின்னதாக்கியது காற்றடைத்த டயர்.

ராபர்ட் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845-லேயே காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். குதிரை வண்டிக்கு மாட்டியும் பார்த்தார். அன்று அது எடுபடவில்லை. 1888-ல் அதை மறுபடி கொண்டுவந்தவர் பெல்ஃபாஸ்ட் நகரில் இருந்த ஜான் பாய்ட் டன்லப். அவர் எஞ்சினியர் இல்லை, கால்நடை வைத்தியர். தன் மகனுடைய மூன்று சக்கர சைக்கிள் அதிராமல் ஓட வேண்டும் என்று ரப்பர் குழாயில் காற்றடைத்துக் கட்டினார்.

என் பள்ளிப் படிப்பு பிரெஞ்சு மொழியில். டயருக்கு அதில் 'ப்னெ' என்று பெயர். காற்று, மூச்சு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது. பிரான்சில் கிளேர்மோன்-ஃபெரான் என்ற ஊரில் மிஷ்லென் சகோதரர்களின் ரப்பர் தொழிற்சாலைக்கு ஒருவர் பஞ்சரான சைக்கிளோடு வந்தார். டன்லப் டயரை அப்போது சக்கரத்தோடு பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். பிரித்து ஒட்ட மூன்று மணி நேரம், காய ஒரு ராத்திரி. அலுத்துப்போன அண்ணன் தம்பிகள், கழற்றி மாட்டக்கூடிய டயரைச் செய்து 1891-ல் காப்புரிமை வாங்கினார்கள். அதே ஆண்டு பாரிசில் இருந்து பிரெஸ்த் போய்த் திரும்பும் சுமார் 1,200 கிலோமீட்டர் சைக்கிள் பந்தயத்தில் அந்த டயர் போட்டவர்தான் ஜெயித்தார். 1895-ல் மோட்டார் பந்தயத்திலும் காற்று டயர் போட்டு அவர்களே ஓட்டினார்கள். வழியெல்லாம் பஞ்சர், கெடு நேரத்துக்குள் வரவில்லை. ஆனாலும் பிற்பாடு மோட்டார் வண்டிகள் காற்றின் மேல்தான் ஓடின.

நம் நாட்டில் முதல் டயர் தொழிற்சாலையை டன்லப் கம்பெனி 1936-ல் வங்காளத்தில் சாகாகஞ்ச் என்ற ஊரில் தொடங்கியது. மாட்டு வண்டிக்கென்றே தனியாக டயர் வந்தது; கடைக்காரர்கள் 'ஏ.டி.வி.' டயர் என்பார்கள். வட இந்தியாவில் பல ஊர்களில் டயர் மாட்டின மாட்டு வண்டிக்கே டன்லப் என்று பெயர். சென்னையில் 1946-ல் பலூன் செய்யத் தொடங்கிய மாம்மன் மாப்பிள்ளையின் எம்.ஆர்.எஃப். கம்பெனியும் 1960-களில் டயர் உற்பத்திக்கு வந்தது.

இனி 1979. என் மாமனாருக்குக் காளப்பநாயக்கன்பட்டிப் பக்கம் கொஞ்சம் நிலம், ஒரு கட்டை வண்டி, ஒரு ஜோடி மாடு. குச்சிக்கிழங்கு ஏற்றிச் சேகோ பேக்டரிக்கு ஓட்டுவார். அக்கம்பக்கத்தில் எல்லாரும் டயர் வண்டிக்கு மாறினார்கள். அவரும் மரச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பேரிங் வைத்த இரும்பு அச்சும் இரண்டு டயரும் போட்டார். விடுமுறையில் வந்திருந்த நான் கூட நின்று பார்த்தேன். ஆசாரி ஒரு வார்த்தை சொன்னார்: "ஏனுங்க, உருட்டு ஜாஸ்தி. பிரேக்கு ஒண்ணு வெச்சுக்கோங்க." மாமனார் சிரித்தார். "முப்பது வருசம் பிரேக்கு இல்லாமத்தானே ஓட்டுனேன்?"

அவர் சொன்னது உண்மை. மரச் சக்கரம் அச்சில் உரசிக்கொண்டே சுற்றும். அந்த உரசலே பாதி பிரேக். டயர் வண்டியில் அந்த உரசல் போய்விடுகிறது. மாட்டுக்கு இழுப்பது சுலபம்; அதனால் சுமை இரண்டு மடங்கு ஏற்றத் தோன்றும். இறக்கத்தில் அந்தச் சுமை முழுவதும் மாட்டைப் பின்னால் இருந்து தள்ளும்.

மூன்றாவது வாரம் ஒரு சின்ன இறக்கத்தில் அது நடந்தது. தினமும் போய்வருகிற இடம்தான். வண்டி தள்ளத் தள்ள மாடுகள் ஓடத் தொடங்கின. இடதுபக்க மாடு முட்டி மடங்கி விழுந்தது. வண்டி அதன் மேல் ஏறி நின்றது. மாமனார் முன்பே குதித்துவிட்டதால் முழங்கையில் காயத்தோடு தப்பினார். மாட்டின் முன்னங்கால் முறிந்தது. அதை அவர் விற்கவில்லை. நொண்டி மாடாகவே கட்டுத்தரையில் எட்டு வருடம் வைத்துத் தீனி போட்டார். அந்த வருட வெள்ளாமைப் பணம் இன்னொரு மாடு வாங்கப் போயிற்று; என் மனைவியின் தங்கை கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப்போனது. பிரேக்கையும் வைத்தார், பிறகு.

சக்கரத்தை மட்டும் மாற்ற முடியாது. ஒன்றை மாற்றினால் கூடவே இன்னும் இரண்டை மாற்ற வேண்டி வரும். நான் அன்று படித்த பாடம் இது. பெங்களூர் ஐ.ஐ.எம். நிறுவனத்தின் முதல் இயக்குநராக இருந்த என்.எஸ். ராமசாமி, மாட்டு வண்டியைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ச்சி செய்து, மாட்டின் கழுத்துக்குப் பாரம் குறைய வேண்டும், வண்டிக்குப் பிரேக் வேண்டும் என்று வற்புறுத்தி வந்தார். அவரைப் பற்றிப் பத்திரிகையில் படித்தபோதெல்லாம் எனக்கு அந்த நொண்டி மாடுதான் நினைவுக்கு வரும்.

மட்டம் பார்ப்பதும் நமக்குப் புதிதில்லை. வண்டியில் மூட்டை அடுக்கும்போது முன்பாரம், பின்பாரம் என்று பார்ப்பார்கள் அல்லவா? முன்னால் பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் கூடினால் நுகத்தடி மேலே கிளம்பி, கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். ஏற்றத்தில் வண்டியே குடை சாயலாம். ஆகவே ஒரு மூட்டையை முன்னே தள்ளுவார்கள், அல்லது வண்டிக்காரரே நகர்ந்து உட்காருவார். எங்கள் ஊரின் லெவலிங் கிட் அதுதான். அவர்கள் மட்டம் பார்த்தது சுமை ஏற்றின வண்டிக்கு, வெறும் வண்டிக்கு அல்ல.

நாமக்கல் லாரிகளின் கதையிலும் இதே கணக்கு உண்டு. மழையை நம்ப முடியாத பூமி இது. பலர் நிலத்தை விட்டு லாரிக்குப் போனார்கள். வெறும் சேசிஸாக வரும் வண்டிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் நாமக்கல்லைச் சுற்றிப் பெருகின. அந்த நாட்களில் 9.00-20 டயரோடு வந்த லாரிக்கு 10.00-20 டயர் மாட்டுவதும், பின்னால் ஸ்பிரிங் பட்டை கூடுதலாகச் சேர்ப்பதும் சாதாரணம். நோக்கம் கூடுதல் சுமை. தொள்ளாயிரத்தில் இருந்து ஆயிரத்துக்குப் போனால் டயரின் விட்டம் சுமார் ஒன்றரை அங்குலம் கூடும். ஆனால் வண்டி உயர்வது அதில் பாதி, முக்கால் அங்குலம்தான். அந்த முக்கால் அங்குலத்துக்குக் கொடுக்கும் விலை என்ன? பின்னால் ஜோடி டயர்களுக்கு நடுவே இடைவெளி குறைந்து கல் சிக்கும். பட்டை கூடினால் சுமை இல்லாதபோது வண்டி குதிக்கும். குதிக்கிற சக்கரம் பிரேக் போட்டால் நிற்காமல் வழுக்கும். அதிகச் சுமைக்கு எதிராக 2005-ல் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகத் தீர்ப்புச் சொன்னது. 2018-ல் மத்திய அரசே அச்சுக்கு ஏற்றலாம் என்ற சுமை அளவை உயர்த்தியது.

இரண்டு வாரம் கழித்து அவன் வந்தபோது, ஒரு தாளில் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். எழுத்தர் வேலை பார்த்த கை, தாள் இல்லாமல் பேசாது.

உன் டயரின் விட்டம் 28 அங்குலம் என்று வை. 31 அங்குலம் போட்டால் வண்டி உயர்வது ஒன்றரை அங்குலம். ஆனால் சக்கரம் ஒரு சுற்றுக்குக் கூடுதல் தூரம் போகிறது. முள் 50 காட்டும்போது நீ உண்மையில் 55-ல் போவாய். எஞ்சின் அதேதான், சக்கரம் பெரிதானதால் இழுவை பத்தில் ஒரு பங்கு குறையும். காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டிய வண்டிக்கு அது சின்ன விஷயமா? கிளட்ச் தேயும். இறங்கும்போது பெரிய சக்கரத்தை நிறுத்தப் பிரேக்குக்கும் பாடு அதிகம்.

அடுத்தது மட்டம். கம்பெனிக்காரன் பின்பக்கத்தைத் தூக்கி வைத்தது தெரியாமல் இல்லை. ஒரு டன்னுக்கு மேல் சுமை ஏறினால் பின்பக்கம் இறங்கி மட்டத்துக்கு வரும். வெறும் வண்டியில் நீ முன்பக்கத்தைத் தூக்கிவிட்டால், சுமை ஏறியதும் மூக்கு வானத்தைப் பார்க்கும். பலாப்பழத்தோடு ராத்திரி வரும்போது உன் விளக்கு எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும். ஏற்றத்தில் முன் சக்கரத்துக்குப் பிடிப்புக் குறையும். உன் தாத்தா சொன்ன பின்பாரம் இதுதான்.

கடைசியாகச் சட்டம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்தில் இருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நாளைக்கு ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர்களும் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

அவன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது. "அப்ப அடி தட்டறதுக்கு என்னங்க மாமா பண்றது?" என்றான். நியாயமான கேள்வி. அவனோடு பட்டறைக்குப் போனேன். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்த மேஸ்திரி, பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை உடைந்திருப்பதையும், மற்ற பட்டைகள் வளைவு போய் நேராகிவிட்டதையும் காட்டினார். வண்டி தாழ்ந்துபோனதற்குப் பாதிக் காரணம் அதுதான். டயரிலும் பட்டன் தேய்ந்து போயிருந்தது.

பழைய எண்ணிக்கைக்கே புதுப் பட்டை போட்டார்கள். அதே அளவில், ஆழமான பட்டன் உள்ள டயர் நான்கு வாங்கினான். பிரேக் முழுவதும் புதிதாக்கச் சொன்னது நான்; அந்தச் செலவும் என்னுடையது. நாற்பதாயிரம் ஆகவில்லை. தோட்டத்துத் தடத்தில் இன்னும் ஓரிரு இடத்தில் தட்டுகிறதாம். அங்கே மட்டும் பத்துத் தார் குறைத்து ஏற்றுகிறான்.

என் மாமனாரின் கட்டை வண்டிச் சக்கரம் ஒன்று இன்னும் கிணற்றடிச் சுவரில் சாய்ந்து கிடக்கிறது. புது டயரோடு வண்டியைக் காட்ட வந்த அன்று, இஞ்சு டேப்பை எடுத்துப் போய் அதை அளந்தான். 58 அங்குலம்.

"தாத்தா வண்டி என் வண்டிய விட ஒசரமுங்க மாமா" என்றான்.