எல்லைக் கிராமங்களின் நினைவில் வளரும் நகரம்: பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதி குறித்த ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

ஒரு நகரத்தின் வளர்ச்சியை நகராட்சி ஆவணங்கள், மக்கள்தொகைக் கணக்கு, நில வரைபடங்கள் ஆகியவற்றின் வாயிலாக அறிதல் ஆய்வாளர் கைக்கொள்ளும் பொதுவழி. அவ்வாவணங்களில் இடம்பெறாத செய்திகள் பல முதியோரின் நினைவில் மட்டும் தங்கியுள்ளன. திருவனந்தபுரம் நகருக்குத் தெற்கே, கேரளத் தமிழக எல்லையை ஒட்டி அமைந்த நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதிகளில் அந்நினைவுகள் ஒரு தனித்தன்மை உடையன. அவை தமிழென்றும் மலையாளமென்றும் எளிதில் பிரிக்கவியலாத பேச்சில் வழங்குகின்றன. எனவே அவற்றைப் பதிவு செய்வோர் வரலாற்றுச் சிக்கலோடு மொழிச் சிக்கலையும் எதிர்கொள்ள நேர்கின்றது. நகரின் வளர்ச்சி எல்லைக் கிராமங்களை எவ்வாறு மாற்றியது என்பதையும், அம்மாற்றத்தை நினைவுகூரும் சொற்களை மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் எங்ஙனம் கையாள வேண்டும் என்பதையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. வரலாற்றுப் பின்புலம்

இப்பகுதி நெடுங்காலமாக இரு மையங்களுக்கு இடைப்பட்ட வழிநிலமாக இருந்தது. தெற்கே பத்மநாபபுரமும் வடக்கே திருவனந்தபுரமும் அம்மையங்கள். 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா வேணாட்டைத் திருவிதாங்கூராக விரித்தபோது பத்மநாபபுரம் தலைநகராக இருந்தது. அவர் பகைவருக்கு அஞ்சிப் பலாமரப் பொந்தில் மறைந்திருந்ததாகக் கூறப்படும் 'அம்மச்சிப் பிலாவு' நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் உள்ளது. 1795-இல் தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறியது. அதன்பின் தென்திருவிதாங்கூரின் நெல்லும் கருப்பட்டியும் துணியும் வடக்கு நோக்கிச் செல்லும் வழியாக இப்பகுதி அமைந்தது.

பாலராமபுரம் இதற்கு நல்ல சான்று. பாலராம வர்மாவின் ஆட்சியில் (1798 - 1810) அமைந்த இவ்வூரில் தமிழ்ப் பகுதியிலிருந்து வந்த சாலியர் குடியமர்த்தப்பட்டனர். அரண்மனைக்கும் தலைநகருக்கும் வேண்டிய நுண்துணியை அவர்கள் நெய்தனர். இன்று 'பாலராமபுரம் கைத்தறி' கேரளத்தின் அடையாளமாகக் கருதப்படுகின்றது. அதனை நெய்த குடிகளின் வீட்டுமொழி தமிழ் என்பது நோக்கத்தக்கது.

பாறசாலை என்னும் ஊர்ப்பெயரின் பின்னுறுப்பும் ஆராயத்தக்கது. இன்றைய தமிழில் 'சாலை' என்பது பெருவழியைக் குறிக்கும். கல்வெட்டு, செப்பேட்டுத் தமிழில் அது கல்வியும் உணவும் வழங்கிய அறநிலையத்தைக் குறித்தது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் 9ஆம் நூற்றாண்டில் பார்த்திவசேகரபுரத்தில் காந்தளூர்ச் சாலையை ஒட்டி 95 சட்டர்க்கு ஒரு சாலை நிறுவியதை அவனது செப்பேடு தமிழில் கூறுகின்றது. அவ்வூர் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோட்டுப் பகுதியில் உள்ளது. எனவே இவ்வட்டாரத்து ஊர்ப்பெயர்களில் 'சாலை' வரும்போது இன்றைய பொருளை மட்டும் கொண்டு விளக்கம் கூறுதல் பொருந்தாது.

3. 1956-ஆம் ஆண்டின் எல்லைக்கோடு

1949 சூலை 1-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. தமிழ் பேசும் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்துடன் சேர்க்க வேண்டுமெனத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு போராடியது. அக்கோரிக்கையில் நெய்யாற்றின்கரையும் இடம்பெற்றிருந்தது. 1954 ஆகஸ்டு 11-இல் மார்த்தாண்டம், புதுக்கடை ஆகிய இடங்களில் நடந்த துப்பாக்கிச் சூடு அப்போராட்டத்தின் துயர நிகழ்வாகும். மாநிலச் சீரமைப்பு ஆணையத்தின் அறிக்கை 1955-இல் வெளிவந்தது. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 தாலுகாக்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளை ஒரு மாநிலத்திலும் அதனை அடுத்த இஞ்சிவிளை மற்றொரு மாநிலத்திலும் அமைந்தன.

மண உறவு, சந்தை, வழிபாடு ஆகியன கோட்டின் இருபுறமும் முன்போலத் தொடர்ந்தன. பள்ளியும் அலுவலகமும் நீதிமன்றமும் மட்டும் மொழியால் பிரிந்தன. ஒரே குடும்பத்தில் ஒரு கிளையினர் தமிழ் எழுத்தையும் மறு கிளையினர் மலையாள எழுத்தையும் கற்றனர். பேச்சு ஒன்றாக இருக்க, எழுத்து இரண்டாயிற்று. பின்னர் நிகழ்ந்த நகர வளர்ச்சியை இப்பின்புலத்திலேயே காணுதல் வேண்டும்.

4. நகரம் தெற்கு நோக்கி வந்தமை

திருவனந்தபுரத்திற்கு இருப்புப்பாதை 1918-இல் வந்தது. 1931-இல் தம்பானூர் வரை நீண்டது. 1937-இல் பல்கலைக்கழகமும் 1940-இல் மாநகராட்சியும் தோன்றின. ஆயினும் அக்காலத்தில் தெற்குக் கிராமத்தார்க்கு நகரம் என்பது வழக்கு, மருத்துவம், திருவிழா ஆகியவற்றின் பொருட்டுச் சென்று மீளும் இடமாகவே இருந்தது. சென்றவர் பெரும்பாலும் சாலைக் கடைத்தெருவில் தமிழிலேயே பேசிப் பொருள் வாங்கித் திரும்பினர்.

1979-இல் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில், கன்னியாகுமரி செல்லும் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. நெய்யாற்றின்கரை, அமரவிளை, தனுவச்சபுரம், பாறசாலை ஆகிய ஊர்கள் நிலையங்கள் பெற்றன. காலையில் சென்று மாலையில் திரும்பும் வாழ்க்கை இதனால் எளிதாயிற்று. நகரின் புதுத்தொழில்கள் முதலில் வடபுறம் வளர்ந்தன. 1963-இல் தும்பா ஏவுதளமும் 1990-இல் கழக்கூட்டத்தருகே டெக்னோபார்க்கும் அத்திசையில் அமைந்தன. அவ்வளர்ச்சிக்கு வேண்டிய உழைப்பாளரையும் காய்கறியையும் கட்டுமானப் பொருளையும் தெற்கும் வழங்கியது.

அண்மைக் காலத்தில் வளர்ச்சியின் திசையே மாறியுள்ளது. 2010-இல் விழிஞ்ஞம் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. அங்குத் துறைமுகப் பணி 2015-இல் தொடங்கி, 2025 மே 2-இல் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கழக்கூட்டம் முதல் காரோடு வரையிலான புறவழிச்சாலை எல்லைக் கிராமங்களின் விளைநிலத்தின் ஊடே செல்கின்றது. அமரவிளையில் சரக்கு வண்டிகளை நிறுத்திய வணிகவரிச் சோதனைச்சாவடி, 2017 சூலை 1-இல் சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் தன் பணியை இழந்தது. சாவடி மறைந்தாலும் எல்லை மறையவில்லை என்பதை 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் இஞ்சிவிளையிலும் களியக்காவிளையிலும் நிகழ்ந்த வழியடைப்பு உணர்த்தியது. நெய்யாற்றுப் பாசனத்தின் இடதுகரைக் கால்வாய் வழியே விளவங்கோட்டுப் பகுதிக்கு வந்த நீர் 2004-இல் நின்றமையும், 2012-இல் தமிழ்நாடு உச்சநீதிமன்றத்தை நாடியமையும் அக்கோட்டின் மற்றொரு விளைவாகும்.

5. நினைவின் கால அளவும் நாணயமும்

இப்பகுதி முதியோர் தம் இளமையைக் கூறுங்கால் கொல்லம் ஆண்டையே அளவாகக் கொள்வது வழக்கம். 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்பது கொல்லம் 1099, அதாவது கி.பி. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம். கேட்போர் அதனை 1999 என்று கொள்ளின் கதை முழுதும் பிறழும்.

கொல்லம் ஆண்டு ஆவணி மாதத்தில் பிறக்கின்றது. ஆதலின் சனவரி முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரையிலான நிகழ்ச்சிகளுக்கு 825-உம், அதன்பின் திசம்பர் வரையிலானவற்றுக்கு 824-உம் கூட்டினால்தான் கி.பி. ஆண்டு கிடைக்கும். மார்த்தாண்டம் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்த 1954 ஆகஸ்டு 11 கொல்லம் 1129 ஆடியில் அமைகின்றது. எல்லை பிரிந்த 1956 நவம்பர் 1 கொல்லம் 1132 ஐப்பசியில் அமைகின்றது. எல்லா ஆண்டுகளுக்கும் 825 கூட்டுவோர் பின்னதை 1957 என எழுத நேரும். மாதப்பெயர் குறிப்பிடப்பட்டிருப்பின் அதனை விடாது பதிதல் இன்றியமையாதது.

நாணயமும் இத்தகையதே. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 28 சக்கரம் ஒரு ரூபாய். 'அரைச் சக்கரத்துக்கு மரச்சீனி' என்பது போன்ற தொடரில் வரும் 'சக்கர'த்தை உருளையெனக் கொள்ளும் மொழிபெயர்ப்பும், 'பண'த்தைப் பொதுவாகக் காசு எனக் கொள்ளும் மொழிபெயர்ப்பும் விலைநிலை பற்றிய சான்றை அழித்துவிடும்.

6. நிலத்தின் சொற்கள்

நகர வளர்ச்சியில் முதலில் மாறுவது நிலம். அதனோடு மாறுவது நிலத்தைக் குறிக்கும் சொல். 'விளை' என்பது இங்கு மேட்டுத் தோட்டநிலம். தென்னையும் பனையும் பலாவும் மரச்சீனியும் அதன் பயிர். 'ஏலா' என்பது பள்ளத்தில் தொடர்ச்சியாக அமைந்த நெல்வயற் பரப்பு. விளையும் ஏலாவும் ஒன்றையொன்று சார்ந்தவை. மேட்டில் பெய்த நீர் பள்ளத்தில் ஊறும். ஏலாக்கள் மண்ணிட்டு மேடாக்கப்பட்டு வீட்டுமனைகளானபோது இவ்வுறவு குலைந்தது. நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புக்குக் கேரளம் 2008-இல் சட்டம் இயற்றியது. மேடான வயல் மீண்டும் வயலாதல் அரிது. ஆயினும் 'ஏலா' என்ற சொல் வழிப்பெயரிலும் வீட்டுப்பெயரிலும் நிற்குமாயின் அங்கு வயலிருந்தமைக்கு அதுவே சான்றாகும்.

உணவுச் சொல்லும் அவ்வாறே. விசாகம் திருநாள் மன்னர் காலத்தில் (1880 - 1885) ஊக்குவிக்கப்பட்ட கிழங்கு இங்கு 'மரச்சீனி'. தமிழகத்தின் பிற பகுதிகளில் 'மரவள்ளி'. பனையின் இனிய சாறு இங்கு 'அக்கானி'. பிற பகுதிகளில் 'பதநீர்'. பனையேறுவோர் குறைய, அக்கானி என்ற சொல்லும் அடுத்த தலைமுறைக்கு விளக்கிக் கூறவேண்டிய சொல்லாகி வருகின்றது.

பத்திரப்பதிவுச் சொற்களில் எல்லையின் தாக்கம் மிகத் தெளிவாகப் புலனாகின்றது. உரிமை ஆவணத்தை முதியோர் 'ஆதாரம்' என்பர். தமிழக அலுவலக வழக்கில் அது 'பத்திரம்'. வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாற்றுதல் கேரளத்தில் 'போக்குவரவு'. தமிழகத்தில் 'பட்டா மாறுதல்'. வருவாய்க் கிராமத்தைப் பழைய திருவிதாங்கூர் வழக்கில் 'பகுதி' என்றனர். போக்குவரவைப் 'போக்குவரத்து' எனவும், பகுதியை வெறும் 'பாகம்' எனவும் பெயர்த்தால் நிலம் கைமாறிய வரலாறே கிடைக்காமற் போகும். புறவழிச்சாலைக்கும் வீட்டுமனைக்கும் நிலம் கைமாறும் இக்காலத்தில் இத்தகைய பிழை ஒரு குடும்பத்தின் உரிமையையும் பாதிக்கக்கூடும்.

7. ஒலி ஒன்று, எழுத்து இரண்டு

தமிழில் ஐகார ஈறாக எழுதப்படும் பல சொற்கள் மலையாளத்தில் அகர ஈறாக எழுதப்படுகின்றன. விளை, கரை, சாலை என்பன முறையே விள, கர, சால என நிற்கும். எல்லைக் கிராமத்துப் பேச்சில் இரு சாராரும் இவ்வீற்றை ஏறத்தாழ ஒன்றாகவே ஒலிக்கின்றனர். ஆகவே ஒருவர் 'அமரவிள' என்று கூறும்போது அவர் தமிழ் பேசுகின்றாரா, மலையாளம் பேசுகின்றாரா என்பதை அவ்வொலி காட்டாது. பதிவு செய்பவர் தேர்ந்துகொள்ளும் எழுத்தே அதனைத் தீர்மானிக்கின்றது.

இன்று தமிழ் நாளிதழ்களிலும் அறிவிப்புகளிலும் மலையாள வடிவத்தையோ ஆங்கில எழுத்துக்கூட்டையோ பின்பற்றிப் 'பாறசால', 'நெய்யாற்றின்கர' என எழுதும் போக்கு காணப்படுகின்றது. இதனால் பெயரின் பொருள் தமிழ் வாசகர்க்கு மறைகின்றது. எதிர்முனையில், பேச்சிற் கிடைத்த எல்லா வடிவங்களையும் இலக்கியத் தமிழாகத் திருத்துவதும் தவறே. திருவனந்தபுரத் தென்பகுதி மலையாளத்துக்கு உரிய 'எந்தரு' என்ற வினாவையும், இளையோரை விளிக்கும் 'அப்பி', 'செல்லா' என்பவற்றையும் நீக்கிவிட்டால் பேசியவர் எவ்வூரார், யாரிடம் பேசினார் என்பது விளங்காது. ஊர்ப்பெயர்க்கு நிலைபெற்ற தமிழ் வடிவத்தையும், உரையாடலுக்குப் பேசிய வடிவத்தையும் கொள்ளுதலே பொருந்தும்.

8. இலக்கியப் பதிவுகள்

இந்நகரின் மாற்றத்தைத் தமிழிற் பதிந்த படைப்பாளர் சிலரை ஈண்டுக் கருதலாம். நீல. பத்மநாபனின் 'பள்ளிகொண்டபுரம்' (1970) திருவனந்தபுரத்தின் தெருக்களையே ஒருவன் நினைவோட்டத்தின் களமாக்குகின்றது. சாலைத் தெருவில் கடை நடத்திய ஆ. மாதவன் (1934 - 2021) அத்தெருவின் சிறு வணிகரையும் கூலியாட்களையும் கதைமாந்தராக்கினார். அவரது 'புனலும் மணலும்' ஆற்றுமணல் அள்ளும் தொழிலாளர் வாழ்வைப் பேசுகின்றது. நகரம் எழுந்தது அம்மணலால் என்பதை எண்ணும்போது அந்நாவல் வரலாற்றுச் சான்றாகவும் பயன்படுகின்றது. எல்லைக்கு இப்பால் தேங்காப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முகமது மீரான் (1944 - 2019) மலையாள வழியிற் கற்றுத் தமிழில் எழுதியவர். அவரது மொழிநடை 'கலப்பு' என்று ஒதுக்கப்பட்டிருப்பின் ஒரு கடலோர வாழ்வு தமிழுக்குக் கிடைத்திராது. நெய்யாற்றின்கரைக் கிராமங்களின் முதியோர் பேச்சுக்கும் இந்நியாயம் பொருந்தும்.

9. முடிவுரை

1956-ஆம் ஆண்டின் கோடு ஒரே பேச்சை இரு எழுத்துகளுக்குள் நிறுத்தியது. நகர வளர்ச்சி அப்பேச்சுக்கு ஆதாரமான விளையையும் ஏலாவையும் மாற்றி வருகின்றது. 1956-க்கு முன் பள்ளி சென்றோர் இன்று எழுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள். அவர்களின் நினைவை எழுதும் பேரப்பிள்ளைகள் பெரும்பாலும் மலையாள வழியில் கற்றவர்கள். எழுதப்படும்போது அது மலையாள நினைவாகவும், தமிழாக்கப்படும்போது பிழைதிருத்திய பொதுத்தமிழாகவும் ஆகிவிடின், இரு நிலையிலும் இழக்கப்படுவது ஒன்றே.

ஆதலின் ஒலிப்பதிவைப் பேச்சு வடிவிலேயே எழுதுதல், கொல்லம் ஆண்டையும் மாதத்தையும் கூறியவாறே தந்து கி.பி. ஆண்டை அருகிற் குறித்தல், நாணயம், நிலம், பதிவேடு பற்றிய சொற்களைப் பெயர்க்காது விளக்கம் சேர்த்தல், ஒரே பேச்சைத் தமிழ், மலையாளம் ஆகிய இரு எழுத்துகளிலும் அளித்தல் ஆகிய நான்கும் குறைந்த அளவாகக் கைக்கொள்ளத் தக்கன. இவற்றுக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. திருவனந்தபுரத்திலும் நாகர்கோவிலிலும் உள்ள தமிழ், மலையாளத் துறைகளின் மாணவர் இணைந்து செய்யத்தக்க பணி இது. புறவழிச்சாலையின் ஓரத்தில் எஞ்சியுள்ள விளைகளின் பெயர்களிலிருந்தே அதனைத் தொடங்கலாம். அவற்றை அறிந்தோர் இன்றும் அவ்வூர்களில் வாழ்கின்றனர்.