விருந்தோம்பல் துறை ஆங்கிலம்

விருந்தோம்பல் துறை ஆங்கிலம் என்பது தங்கும் விடுதிகளிலும் உணவகங்களிலும் பணிபுரிவோர், விருந்தினருடனும் சக பணியாளருடனும் உரையாடுவதற்குத் தேவையான ஆங்கில மொழித் திறன்களைக் குறிக்கும். மொழி கற்பித்தல் துறையில் இது குறித்த நோக்கங்களுக்கான ஆங்கிலம் என்னும் பிரிவினுள் அடங்குகிறது. பொது ஆங்கிலக் கல்வியில் இலக்கணமும் கட்டுரை எழுதுதலும் முதன்மை பெறுகின்றன. இத்துறை ஆங்கிலத்திலோ கேட்டல், பேசுதல், கேட்டதை உறுதி செய்தல் ஆகிய திறன்களே முதன்மையானவை. இதில் ஏற்படும் பிழைகளுள் பெரும்பாலானவை சிறு மனக்குறையுடன் முடிந்துவிடும். எனினும், உணவு ஒவ்வாமை தொடர்பான தவறான புரிதல் விருந்தினரின் உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும்.

வரலாறு

நவீன விடுதித் தொழிலின் முதல் பொதுமொழி பிரெஞ்சு மொழியே ஆகும். 1889 ஆம் ஆண்டில் இலண்டனில் திறக்கப்பட்ட சவாய் விடுதியில் சேசர் ரிட்சு, ஆகுஸ்ட் எஸ்கோஃபியே ஆகியோர் இணைந்து பணியாற்றினர். எஸ்கோஃபியே சமையலறைப் பணிகளைப் பிரிவுகளாக வகுத்து ஒழுங்குபடுத்தியவராகக் கருதப்படுகிறார். மெனு, செஃப், பஃபே, ஆ லா கார்ட் முதலிய சொற்கள் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தவை. ஹோட்டல், ரெஸ்டாரண்ட் ஆகிய சொற்களும் அவ்வாறே வந்தன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் வானூர்திப் பயணம் பரவலானதாலும், அமெரிக்க விடுதிக் குழுமங்கள் பல நாடுகளில் கிளை பரப்பியதாலும் ஆங்கிலம் அவ்விடத்தைப் பெற்றது. உலகச் சுற்றுலா அமைப்பின் கணக்குப்படி, 1950 இல் சுமார் 2.5 கோடியாக இருந்த பன்னாட்டுச் சுற்றுலாப் பயணிகளின் வருகை 2019 இல் சுமார் 146 கோடியாக உயர்ந்தது. இவர்களுள் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி அன்று. இதனால் விடுதியில் பேசப்படும் ஆங்கிலம் பல வேளைகளில் இருவருக்குமே இரண்டாம் மொழியாக அமைகிறது.

1960களில் வளரத் தொடங்கிய குறித்த நோக்கங்களுக்கான ஆங்கிலக் கல்வி, கற்பவரின் பணியை ஆராய்ந்து பாடத்தை வகுக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. ஜான் மன்பி 1978 இல் வெளியிட்ட பாடத்திட்ட வடிவமைப்பு நூலில் இம்முறையை விளக்க எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, ஸ்பானிய மொழி பேசும் தலைமைப் பரிமாறுநர் ஒருவரின் மொழித் தேவை என்பது குறிப்பிடத்தக்கது.

பணிப்பிரிவுகளும் மொழித் தேவையும்

எல்லாப் பணியாளருக்கும் ஒரே அளவான ஆங்கிலம் தேவைப்படுவதில்லை.

வரவேற்புப் பிரிவு: பெயர், கடவுச்சீட்டு விவரம், அறை எண், வந்து செல்லும் நாள் ஆகியவற்றைப் பிழையின்றிக் கேட்டுப் பதிதல், வழி கூறுதல், குறைகளைக் கேட்டல், தொலைபேசியில் பேசுதல். முகமும் கையசைவும் தெரியாததால் தொலைபேசி உரையாடலே இவற்றுள் கடினமானது.

உணவகப் பிரிவு: உணவுப் பட்டியலை விளக்குதல், உணவில் சேர்ந்துள்ள பொருட்களைக் கூறுதல், ஆர்டர் எடுத்தல், எடுத்த ஆர்டரைத் திருப்பிச் சொல்லுதல், பில் கொடுத்தல்.

அறைப் பராமரிப்புப் பிரிவு: கதவைத் தட்டி அனுமதி கேட்டல், துண்டு, போர்வை, சோப்பு போன்ற பொருட்களின் பெயரை அறிதல், பழுதுகளைக் குறித்துத் தெரிவித்தல்.

சமையலறை: கே.ஓ.டி. எனப்படும் ஆர்டர் சீட்டையும் அதிலுள்ள சிறப்புக் குறிப்புகளையும் வாசித்தல். சமையலறையில் பேச்சு பெரும்பாலும் உள்ளூர் மொழியிலேயே நிகழ்ந்தாலும் சீட்டு ஆங்கிலத்தில் இருப்பது வழக்கம்.

பணிவு நடை

தமிழில் பணிவு வினைமுற்றிலும் விளியிலும் வெளிப்படுகிறது. "சொல்லுங்க", "என்ன வேணுங்க" என்னும் தொடர்களில் "ங்க" என்னும் ஈறே மரியாதையைத் தாங்கி நிற்கிறது. ஆங்கில வினைச்சொல்லில் இத்தகைய ஈறு இல்லை. எனவே "சொல்லுங்க" என்பதை "டெல் மீ" என்றும், "என்ன வேணும்" என்பதை "வாட் டூ யூ வாண்ட்" என்றும் மொழிபெயர்க்கும்போது மரியாதை நீங்கிக் கட்டளையும் அதட்டலும் மட்டுமே எஞ்சுகின்றன. பேசுபவர் பணிவாகப் பேசியதாகவே எண்ணியிருப்பார்.

ஆங்கிலத்தில் பணிவு பெரும்பாலும் வாக்கிய அமைப்பினால் உணர்த்தப்படுகிறது. "வுட் யூ லைக்", "மே ஐ", "குட் யூ" ஆகிய தொடக்கங்கள் இதற்குப் பயன்படுகின்றன. "வுட் யூ மைண்ட்" என்று தொடங்கும் வேண்டுகோளுக்கு இசைவு தெரிவிக்க "நாட் அட் ஆல்" என்று எதிர்மறையில் விடை கூறவேண்டும். "யெஸ்" என்று கூறினால் மறுப்பாகவும் பொருள்படலாம்.

தமிழ் பேசுவோர் எதிர்கொள்ளும் இடர்கள்

எதிர்மறை வினாக்கள்: "இதில் முந்திரி இல்லையா?" என்று தமிழில் வினவினால், முந்திரி இல்லாதபோது "ஆமாம், இல்லை" என்றும், இருக்கும்போது "இல்லை, இருக்கிறது" என்றும் விடை கூறுவதுண்டு. தமிழ் விடை வினவியவரின் எண்ணத்தை ஏற்கிறது அல்லது மறுக்கிறது. ஆங்கிலத்திலோ "யெஸ்" என்றால் பொருள் உண்டு, "நோ" என்றால் இல்லை. தமிழ் முறைப்படி "நோ" என்று தொடங்கும் பணியாளர் வாக்கியத்தை முடிக்கும் முன்பே, உணவில் முந்திரி இல்லை என விருந்தினர் கருதிவிடக்கூடும். "இட் ஹேஸ் கேஷ்யூ நட்ஸ்" என்பதுபோல முழு வாக்கியத்தில் விடை கூறுவதே இதற்குத் தீர்வாகும்.

ஒலிகள்: தமிழ் எழுத்தில் "ப" என்னும் ஒரே எழுத்து வல்லொலியையும் மெல்லொலியையும் குறிக்கிறது. இதனால் ஆங்கிலத்தின் "பி" என்னும் இரு எழுத்துகளும் பெயர்ப் பதிவில் குழம்புகின்றன. விடுதிகளில் பெயரின் எழுத்துகளை உறுதி செய்ய, ஆல்ஃபா, பிராவோ, சார்லி எனத் தொடங்கும் 26 சொற்கள் கொண்ட பன்னாட்டு வானொலி எழுத்துமுறை பயன்படுத்தப்படுவதுண்டு. இம்முறை 1956 முதல் வான்போக்குவரத்தில் நடைமுறையிலுள்ளது.

எண்கள்: தர்ட்டீன், தர்ட்டி (13, 30), ஃபிஃப்டீன், ஃபிஃப்டி (15, 50) ஆகிய இணைகள் அறை எண்ணிலும் விலையிலும் குழப்பம் தருபவை. "ஒன் த்ரீ", "த்ரீ ஜீரோ" என இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்வது பாதுகாப்பானது.

தலையசைப்பு: தென்னிந்தியாவில் தலையைப் பக்கவாட்டில் மெல்ல அசைப்பது இசைவைக் குறிக்கும். இதனைப் பிற நாட்டவர் மறுப்பு என்றோ தயக்கம் என்றோ கொள்வதுண்டு.

நாட்டுக்கு நாடு வேறுபடும் சொற்கள்

ஆங்கிலம் எல்லா நாட்டிலும் ஒன்றுபோல் வழங்குவதில்லை.

* முதல் தளம்: பிரித்தானியாவிலும் இந்தியாவிலும் "ஃபர்ஸ்ட் ஃபுளோர்" என்பது தரைத்தளத்துக்கு மேலுள்ளது. அமெரிக்காவில் பொதுவாகத் தரைத்தளமே.
* ஆந்த்ரே: அமெரிக்காவில் முதன்மை உணவு, ஆஸ்திரேலியாவில் அதற்கு முன் பரிமாறப்படுவது.
* சிப்ஸ்: பிரித்தானியாவில் சூடாகப் பரிமாறப்படும் உருளைக்கிழங்கு வறுவல், இந்தியாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் மெல்லிய மொறுமொறுப்பான சீவல்.
* பில்: அமெரிக்க உணவகங்களில் "செக்" எனப்படும்.
* பார்சல்: இந்தியாவில் உணவைக் கட்டி எடுத்துச் செல்லுதல். பிரித்தானியர் "டேக்அவே" என்றும் அமெரிக்கர் "டு கோ" என்றும் கூறுவர்.
* ஹாஃப் செவன்: பிரித்தானியப் பேச்சில் ஏழரை மணி. இதனை ஒத்த ஜெர்மானியத் தொடர் ஆறரை மணியைக் குறிப்பதால், எழுப்பும் நேரத்தை இலக்கத்தில் உறுதி செய்வது நல்லது.

உணவு ஒவ்வாமையும் மொழியும்

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 இல் இயற்றப்பட்டு 2014 டிசம்பர் 13 முதல் நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதி, 14 ஒவ்வாமைப் பொருட்களைப் பற்றிய தகவலை உணவகங்களும் அளிக்க வேண்டும் எனக் கூறுகிறது. பசையம் உள்ள தானியங்கள், ஓட்டுடலிகள், மெல்லுடலிகள், முட்டை, மீன், வேர்க்கடலை, சோயா, பால், கொட்டைகள், செலரி, கடுகு, எள், லூப்பின், சல்பைட்டு ஆகியவை அவை. அமெரிக்காவில் பொதியிடப்பட்ட உணவின் சிட்டையில் குறிக்கவேண்டிய ஒன்பதாவது முதன்மை ஒவ்வாமைப் பொருளாக எள் 2023 சனவரி 1 முதல் சேர்க்கப்பட்டது.

தமிழகச் சமையலில் இப்பொருட்கள் பல, கண்ணுக்குத் தெரியாத வகையில் உள்ளன. தாளிதத்தில் கடுகும், குருமாவில் அரைத்த முந்திரியும், பொங்கலில் நெய்யும், இட்லிப் பொடியில் எள்ளும் சேர்கின்றன. கடைகளில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பதுண்டு. ஆகவே சமையலை அறியாமல் சொற்களை மட்டும் கற்பது இங்கு பயனளிப்பதில்லை.

இந்திய ஆங்கிலச் சொற்களும் இடையூறாகின்றன. வேர்க்கடலையை "கிரவுண்ட்நட்" என்று அறிந்த பணியாளருக்கு விருந்தினர் கூறும் "பீநட்" விளங்காமற் போகலாம். நல்லெண்ணெயை "ஜிஞ்சலி ஆயில்" என்று எழுதினால், எள் ஒவ்வாமையுள்ள வெளிநாட்டவர் அது "செசமி" என்பதை அறியமாட்டார். "மைதா" கோதுமை மாவு என்பதும் பலருக்குத் தெரியாது. பொட்டுக்கடலை, கொண்டைக்கடலை, வேர்க்கடலை மூன்றும் தமிழில் "கடலை" எனப்பட்டாலும், முதலிரண்டும் கொண்டைக்கடலைப் பயிரிலிருந்தும் மூன்றாவது வேறொரு பயிரிலிருந்தும் கிடைப்பவை.

விருந்தினரிடம் "தெரியாது" என்று கூறுவது குறை என்னும் எண்ணத்தால், ஐயமுள்ளபோதும் "நோ பிராப்ளம் சார்" என்று விடை கூறும் வழக்கம் உள்ளது. ஒவ்வாமை பற்றிய வினாவுக்கு இவ்விடை மிகவும் ஆபத்தானது. "லெட் மீ செக் வித் தி செஃப்", அதாவது சமையற்காரரிடம் கேட்டு வருகிறேன் என்பதே உரிய விடையாகும். இத்துறையில் ஒரு தொடக்கநிலைப் பணியாளர் முதலில் கற்கவேண்டிய வாக்கியம் இதுவே எனலாம். கேட்டறிந்ததை ஆர்டர் சீட்டில் எழுதுவதும், மேசைக்குத் திரும்பி வந்து சொல்வதும் இதன் தொடர்ச்சியாகும்.

பயிற்சி

இந்தியாவில் மும்பை விடுதி மேலாண்மை நிறுவனம் 1954 இல் தொடங்கப்பட்டது. 1982 இல் நிறுவப்பட்ட தேசிய விடுதி மேலாண்மை மற்றும் உணவுத் தொழில்நுட்பக் குழு இத்துறைக் கல்வியை ஒருங்கிணைக்கிறது. சென்னை தரமணியிலும் விடுதி மேலாண்மை நிறுவனம் ஒன்று உள்ளது. இலங்கையில் 1964 இல் தொடங்கப்பட்ட விடுதிப் பள்ளியே பின்னர் இலங்கைச் சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகமாக வளர்ந்தது.

2001 இல் வெளியான ஐரோப்பியப் பொது மொழிச் சட்டகம் மொழித் திறனை ஆறு நிலைகளாக வகுக்கிறது. பாடநூல்களும் தேர்வுகளும் இந்நிலைகளைப் பின்பற்றுவதுண்டு. பயிற்சியில் விருந்தினராகவும் பணியாளராகவும் நடித்துப் பழகுதல், தம் உணவகத்தின் பட்டியலிலுள்ள ஒவ்வோர் உணவையும் இரண்டு வாக்கியங்களில் விளக்குதல், பல நாட்டவரின் பேச்சு ஒலிப்பதிவுகளைக் கேட்டல் ஆகிய முறைகள் கையாளப்படுகின்றன. கைபேசி மொழிபெயர்ப்புச் செயலிகள் இன்று உதவுகின்றன எனினும், உணவில் என்ன சேர்ந்துள்ளது என்பதை அவை அறியமாட்டா.

விமர்சனங்கள்

மனப்பாடம் செய்த தொடர்களைக் கொண்டே பயிற்சியளிப்பது, எதிர்பாராத வினா எழும்போது பணியாளரைக் கைவிட்டுவிடுகிறது என்பது ஒரு விமர்சனமாகும். ஆங்கில நாட்டவரின் உச்சரிப்பைப் போலச் செய்யப் பழக்குவது தேவையற்றது, தெளிவாக விளங்கினாலே போதும் என்ற கருத்தும் உண்டு. ஆங்கிலம் பேசுவோர் விருந்தினர் முன் நிற்கும் பணிகளையும் டிப்ஸையும் பெற, அதே அளவு தொழில்திறன் கொண்ட பிறர் பின்புறப் பணிகளிலேயே நின்றுவிடும் நிலையும் சுட்டப்படுகிறது. பணிநேரத்திலேயே, ஊதியக் குறைவின்றி மொழிப்பயிற்சி அளிப்பது இவ்வேறுபாட்டைக் குறைக்கும் வழிகளுள் ஒன்றாகும்.

இவற்றையும் பார்க்க

* விருந்தோம்பல்
* உணவு ஒவ்வாமை
* இந்திய ஆங்கிலம்
* சுற்றுலாத் துறை