பிரேக் வால்வும் ஒரு எர்ரர் கோடும்

பொட்டி தட்டுற நமக்கு எர்ரர் கோடு புதுசில்லை. அது காட்டுறது நோயையா, வெறும் அறிகுறியையாங்கிறதுதான் தலைவலி. கார் மெக்கானிக்குகளுக்கும் அதே தலைவலி எப்படி வந்துச்சுன்னு பார்ப்போமா?

1927ல் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் டிவாண்ட்ரே வாக்குவம் பூஸ்டரை உருவாக்கினார். எஞ்சின் காத்தை உறிஞ்சுறதால உண்டாகுற வெற்றிடம் நம்ம காலுக்கு உதவி செய்யும். இதுல கோளாறுன்னா குழாய் கிழிஞ்சிருக்கும், இல்லேன்னா உள்ளே இருக்கிற ரப்பர் போயிருக்கும். காதாலயும் காலாலயுமே கண்டுபிடிச்சுடலாம்.

1978ல் பாஷ் கம்பெனியோட ஏ.பி.எஸ், பென்ஸ் எஸ் கிளாஸ்ல வந்துச்சு. இதுல பிரேக் ஆயில் ஓடுற வழியில சோலினாய்டு வால்வு இருந்துச்சு. காயில்ல கரண்ட் பாய்ஞ்சா உள்ளே இருக்கிற இரும்புத் தண்டு நகரும். கரண்ட் நின்னா ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்கே தள்ளிடும். அம்புட்டுதான்.

2001ல் பென்ஸ் ஒரு படி மேல போச்சு. எஸ்.எல். காரிலும், அடுத்த வருஷம் ஈ கிளாஸிலும் எஸ்.பி.சி.ன்னு ஒரு பிரேக். பெடல் ஒரு சென்சாரைத்தான் அமுக்கும். எலக்ட்ரிக் பம்ப் அழுத்தத்தைச் சேர்த்து வைக்கும், கம்ப்யூட்டர் சொன்னபடி வால்வுகள் அதை ஒவ்வொரு சக்கரத்துக்கும் பிரிச்சுக் கொடுக்கும். சிஸ்டம் படுத்துட்டா, பெடலை மறிச்சு நின்ன வால்வை ஸ்பிரிங் திறந்துவிடும். அப்ப நம்ம காலோட பலம் முன் சக்கரங்களுக்கு மட்டும்தான் போகும். பெடலும் ரொம்ப ஆழமா இறங்கும். திடீர்னு அப்படி ஆனா ஓட்டுறவருக்கு உயிர் போய் உயிர் வரும்!

2004ல் 6.8 லட்சம் காரைத் திரும்பக் கூப்பிட்டாங்க. 2005ல் 13 லட்சம் காருக்கு இன்னொரு அழைப்பு, அதுக்கான காரணங்கள்ல பிரேக்கும் ஒண்ணு. 2006ல் ஈ கிளாஸ் பழைய வாக்குவம் பூஸ்டருக்கே திரும்பிடுச்சு.

இந்த மாதிரி பிரேக்குல கோளாறு தேடுறதுல என்ன சிக்கல்? காயில் அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோ கம்ப்யூட்டருக்கு உடனே தெரிஞ்சுடும், மீட்டர்லயும் ஓம்ஸ் பார்த்துடலாம். ஆனா தூசி மாட்டி வால்வு முழுசா மூடலேன்னா காயில் கணக்கு சரியாத்தான் இருக்கும். அழுத்தம் கசியும், பம்ப் அடிக்கடி ஓடும். அழுத்தம் குறைவுன்னு கோடு வந்தா குத்தம் வால்வோடதா, பம்ப்போடதா, சேமிப்புக் கலத்தோடதா? 2013ல் டொயோட்டா சுமார் 2.42 லட்சம் பிரியஸ், லெக்ஸஸ் கார்களைத் திரும்பக் கூப்பிட்டது அந்தக் கலத்தில் இருந்த நைட்ரஜன் பிரேக் ஆயில்ல கசியலாம்ங்கிறதாலதான். அதனால, கோடைப் பார்த்ததும் வால்வை மாத்தக்கூடாது. பேட்டரி வோல்டேஜ், ஒயர், அப்புறம் அழுத்தம் எவ்வளவு நேரம் நிக்குதுன்னு வரிசையாப் பார்க்கணும்.

எலக்ட்ரிக் காரில் எஞ்சினே இல்லை, அதனால வெற்றிடமும் கிடையாது. மின்சார பூஸ்டர் அங்கே நல்லாவே பொருந்தும். 2013ல் வந்த பாஷ் ஐபூஸ்டர்ல மோட்டார் உதவி செய்யும், ஆனா பெடலோட கம்பி நேரா மாஸ்டர் சிலிண்டர் வரைக்கும் போகும். மோட்டார் செத்தாலும் நாலு சக்கரத்துக்கும் கால் எட்டும், என்ன, கொஞ்சம் பலமா மிதிக்கணும்.

கம்ப்யூட்டர் எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும் காலுக்கு ஒரு நேர்வழி இருக்கணும். எஸ்.பி.சி. கத்துக்கொடுத்த பாடம் அதுதான் :-)