இரண்டாவது தொடுதல்



கிள்ளான் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் கைப்பந்துக் குழுவைப் பயிற்றுவித்த காலத்தில் நான் ஒரு தவறு செய்தேன். போட்டி முடிந்து பரிசளித்தபோது, ஓங்கி அடித்துப் புள்ளி சேர்த்த மாணவனை மட்டும் மேடைக்கு அழைத்தேன். அவனுக்குப் பந்தெடுத்துக் கொடுத்த ‘செட்டர்’ மாணவன் கீழே நின்று கைதட்டினான். வீடு திரும்புமுன் அவன் தந்தை, “சார், என் மகன் ஒரு புள்ளிகூட எடுக்கலையே?” என்று கேட்டார். அன்று நான் சொல்லத் தவறிய விடையே இக்கட்டுரை.

கைப்பந்தில் ஒரு குழு மூன்று முறை பந்தைத் தொடலாம். முதல் தொடுதல் காக்கும், மூன்றாவது தாக்கும். நடுவிலுள்ள இரண்டாவது தொடுதலே செட்டருடையது. யார் அடிப்பது, எங்கிருந்து அடிப்பது என்பதை ஒரு நொடிக்குள் முடிவு செய்பவர் அவரே.

அப்பணியை ஒரு கலையாக உயர்த்தியவர் ஜப்பானியர் கத்சுதோஷி நெகோதா. 1944இல் ஹிரோஷிமாவில் பிறந்தவர். அந்நகரின் மீது அணுகுண்டு வீழ்ந்தபோது அவருக்கு வயது ஒன்றரை.

1964இல் தோக்கியோ ஒலிம்பிக்கில்தான் கைப்பந்து முதன்முதலாக இடம்பெற்றது. அதில் ஜப்பானிய ஆடவர் பெற்றது வெண்கலம். 1968இல் மெக்சிகோவில் வெள்ளி. இரண்டிலும் தங்கம் சோவியத் ஒன்றியத்திற்கே. உயரமான ஐரோப்பியரை வெல்வது எப்படி? உயரத்தைக் கூட்ட இயலாது. நேரத்தைக் குறைக்கலாம் என்று கண்டனர் பயிற்றுநர் யசுதாகா மட்சுதைராவும் அவர்தம் வீரர்களும்.

அதுவரை செட்டர் பந்தை உயரமாகத் தூக்குவார். அது இறங்குவதற்குள் எதிரணியினர் வலையோரம் தடுப்புச் சுவராக நின்றுவிடுவர். ஜப்பானியரின் விரைவுத் தாக்குதலிலோ, பந்து செட்டரின் கையை விட்டுப் புறப்படுமுன்பே அடிப்பவர் மேலெழும்பிவிடுவார். உயரும் கைக்கு நேராகப் பந்தைத் தாழ்வாக வைக்க வேண்டியது நெகோதாவின் பொறுப்பு. சற்றே பிசகினாலும் தாக்குதல் வீண். வேறொருவர் பாய்வதுபோல் போக்குக் காட்ட, பந்து மற்றொருவருக்குச் செல்லும். தடுப்பவர் திகைப்பர்.

1972, மியூனிக். அரையிறுதியில் பல்கேரியாவிடம் முதலிரண்டு செட்டுகளையும் இழந்த ஜப்பான், அடுத்த மூன்றையும் வென்றது. இறுதியாட்டத்தில் கிழக்கு ஜெர்மனியை 3-1 என வீழ்த்தித் தங்கம் பெற்றது. வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று படிகளையும் ஏறியவர் நெகோதா. 1976இல் மொன்றியலில் ஜப்பான் நான்காமிடமே பெற்றாலும், அதன் தொடக்க விழாவில் நாட்டின் கொடியை ஏந்தும் பெருமை அவருக்குக் கிட்டியது. 1983இல் வயிற்றுப் புற்றுநோயால் மறைந்தபோது அவருக்கு வயது 39தான்.

தமிழருக்கும் இம்மரபில் இடமுண்டு. தமிழ்நாட்டுச் செட்டர் உக்கிரபாண்டியன் மோகன் இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர். மற்றொரு தமிழ்நாட்டுச் செட்டரான முத்துசாமி அப்பாவு தலைமையில் அகமதாபாத் டிஃபெண்டர்ஸ் குழு 2023இல் பிரைம் வாலிபால் லீக் கிண்ணத்தை வென்றது.

வகுப்பறையிலும் செட்டர்கள் உண்டல்லவா? குழுப்பணியில் நண்பனுக்கு விளக்கிச் சொல்லிவிட்டு, அவன் எழுந்து விடை கூறுகையில் பின்னால் அமைதியாக அமர்ந்திருப்பவர்கள் அவர்கள். நம் மதிப்பெண் பட்டியலில் அவர்களுக்கென்று ஒரு கட்டம் இல்லை.

அந்த நாளுக்குப் பிறகு, என் ஆட்டக் குறிப்பேட்டில் அடித்தவன் பெயரோடு எடுத்துக் கொடுத்தவன் பெயரையும் எழுதத் தொடங்கினேன். அந்தத் தந்தையை மீண்டும் சந்தித்தால் முதலில் மன்னிப்புக் கேட்பேன். பிறகு, “ஐயா, அன்று நாம் பெற்ற புள்ளிகளில் பெரும்பாலானவை உங்கள் மகனின் கை வழியாகத்தான் வந்தன” என்பேன்.